பல்பு தெரியாத விளக்கு

போன வாரம் பிளாட் புஷ்ஷில் செந்தில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பாசத்தில் என்று நினைத்து அவன் என் தோளைத் தட்டினான். பாசமுமில்லை, ஒன்றுமில்லை. கூரை முழுக்க அம்மை போட்டதுபோலக் குட்டி விளக்குகள், அத்தனையும் என் கண்ணைக் குறிவைத்தே எரிந்தன.

கண்ணைத் துடைக்கும்போதே, இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்த காலம் நினைவுக்கு வந்தது. மதுரைக்காரன் செந்திலுக்குக் கம்ப்யூட்டர் வேலை. யாழ்ப்பாணத்து யோகன் அண்ணை முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் பாட்டனி டவுன்ஸில் ஒரு விளக்குக் கடையில் இருந்தேன். காட்சிக்கு வைத்து நசுங்கிப்போன விளக்கொன்றை முதலாளி என் தலையில் கட்டினார். டென்மார்க்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கியதாம். தட்டுத் தட்டாக அடுக்கி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படாதபடி செய்திருந்தார். வெளிச்சம் மேசைமேல் மெத்தென்று விழும், கண் கூசாது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்கினேன்.

அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே தாழ்வாக மாட்டினோம். புதுச் சாமான் என்பதால் யோகன் அண்ணை சந்தனம், குங்குமம் வைத்தார். செந்திலுக்கோ விளக்கு என்றால் ட்யூப் லைட் மாதிரி வீட்டையே வெளுத்துக் காட்ட வேண்டும். தரையில் மல்லாந்து படுத்து, "அண்ணே, பல்பக் காணோம்ணே" என்று தேடினான். நம்புங்கள், வீட்டுக்கு வருகிறவர்கள்கூட ஒருமுறை குனிந்து நெளிந்து தேடிவிட்டுத்தான் காபியைத் தொடுவார்கள். எழுந்திருக்கும்போது மண்டையில் ஓர் இடி, தவறாமல்.

அந்த விளக்கின் கீழேதான் செந்திலை மாப்பிள்ளை பார்த்தார்கள். அதற்குமுன் வந்த வரனெல்லாம் தட்டிப்போயிருந்தது. "இதுவும் அமையலேன்னா வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துரு" என்று அவன் அம்மா சொல்லிவிட்டார். பெண் வீட்டார் நல்ல நேரம் பார்த்து, ஊரில் முற்பகலாக இருக்கும்போது வீடியோ காலில் வந்தார்கள். இங்கே எங்களுக்கு அது குளிர்காலத்து மாலை, இருட்டிவிட்டது. மற்ற அறைகளில் ஈரத்துணி தொங்கியதால் சாப்பாட்டு மேசையே கதி.

பட்டுச்சட்டை போட்டுக் கம்பீரமாக உட்கார்ந்தான் செந்தில். போனில் தெரிந்ததோ மேசையும் இரண்டு கைகளும் மட்டும்.

"தம்பி, அங்கயும் கரண்டு கட்டா?" என்றார் பெண்ணின் அம்மா.

ஓடிப்போய்ப் பெரிய பல்பாக மாற்றினேன். விளக்குக் கடைக்காரன் செய்கிற காரியமா? மேசை கல்யாண மண்டபம்போல ஜொலித்தது. முகம் அதே இருட்டு.

"தம்பி, குனியுங்கோ. இன்னும் கொஞ்சம்" என்றார் யோகன் அண்ணை.

குனிந்து குனிந்து, கடைசியில் செந்தில் கன்னத்தை மேசைமேல் வைத்துப் படுத்தேவிட்டான். பரிமாறி வைத்த தலை மாதிரி இருந்தது. போச்சு, பையன் ஊருக்குப் போகப்போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். விளக்கு என்னுடையதல்லவா!

வெட்கத்தில் அவன் நிமிர்ந்து மறுபடி இருட்டுக்குள் போனான். கைகள் மட்டும் பதற்றத்தில் மேசையிலிருந்த மாண்டரின் பழத்தை உரித்தன. நார் எடுத்து, சுளை பிரித்து, யோகன் அண்ணைக்குப் பாதி, எனக்குப் பாதி. தனக்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் தினமும் நடப்பதுதான்.

அப்போதுதான் பெண்ணின் குரல் கேட்டது. "முகத்தத்தான் போட்டோல பாத்தாச்சேம்மா. இப்பக் கையையும் பாத்துட்டேன். எனக்குச் சம்மதம்."

அந்தப் பெண் கயல்விழி கல்யாணமாகி வந்ததும் விளக்கை அவளுக்கே கொடுத்துவிட்டேன். யோகன் அண்ணை மகளோடு இருக்க மெல்போர்ன் போய்விட்டார்.

"விளக்கு எங்கம்மா?" என்று போன வாரம் அவளிடம் கேட்டேன். கராஜுக்குக் கூட்டிப்போனாள். மேல்தட்டை மல்லாத்தி, மண் நிரப்பி, அதில் கறிவேப்பிலைச் செடி. அண்ணை வைத்த குங்குமம் ஓரத்தில் கறையாக ஒட்டியிருந்தது.

"வெளிச்சம் பத்தலன்னு அவர்தான் கழட்டிட்டார்" என்றாள்.

ஹாலுக்குத் திரும்பினோம். செந்தில் சோபாவில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். மேசைமேல் ஒரு கூடை மாண்டரின், உரிப்பாரில்லாமல்.

"இப்ப மூஞ்சி நல்லாத் தெரியுதுண்ணே," என்றாள் கயல். "கையத்தான் காணோம்."

சிரித்தேன். கண் மறுபடி கலங்கியது. இந்த முறை விளக்குகளைக் குறை சொல்ல முடியவில்லை.