தண்ணீர் நிற்கும் மூலை

தவசியைத் தூரத்தில் கண்டாலே சஜ்ஜாத் வண்டியை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுகிறார்.

சஜ்ஜாத் போடியில் இருபது வருடம் ஏலக்காய் சலித்தவர். பருத்த காயை நல்ல விலைக்கு ஒதுக்கிவிட்டுச் சல்லடைக்குக் கீழே விழுவதைச் சும்மா கேட்டவருக்குத் தள்ளிவிடுவார். பிளாட் போட்டு விற்க வந்தபோதும் அந்தக் கைப்பழக்கம் மாறவில்லை.

ராசிங்காபுரம் பக்கம் விவசாயி தவசியிடம் ஐந்து ஏக்கர் வாங்கினார். பத்திரம் முடித்த அன்றே தவசி சொன்னார்: "பாய், அந்தக் கெழக்கு மூலையில மட்டும் எதையும் கட்டிராதீக. மழைன்னா தண்ணி நிக்கும்."

லேஅவுட் அனுமதி வேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஊருக்கு எழுதித் தர வேண்டும். சஜ்ஜாத் கிழக்கு மூலையை எழுதித் தந்தார். அதில் தன் செலவில் ஓர் அங்கன்வாடியும் கட்டினார். வாசலில் அவர் பெயரோடு கல்வெட்டு வைத்தார்கள். அதைக் காட்டியே மற்ற பிளாட்டுகளை விற்றார்.

போன ஐப்பசியில் அங்கன்வாடிக்குள் முழங்கால் தண்ணீர். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு டீச்சர் சிவரஞ்சனி நனைந்த சேலையோடு சஜ்ஜாத்தின் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று சஜ்ஜாத் எழுந்து நின்றார்.

"பாய், இவ்வளவு நல்லது செஞ்ச உங்களையே அந்தத் தவசி ஏமாத்திட்டாரே! தண்ணி நிக்கிற எடம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

சஜ்ஜாத் மறுபடி உட்கார்ந்தார். "ரெண்டு லோடு கிராவல் அனுப்புறேம்மா."

அதற்கும் கும்பிட்டுவிட்டுப் போனார் சிவரஞ்சனி.

இன்று ஊரே தவசியை ஏசுகிறது. அவர் அன்றே சொன்னார் என்று சாட்சி சொல்ல ஒரே ஆள்தான் இருக்கிறார்.