பிளைவுட் விமானம்

அப்போது நாங்கள் உத்தமபாளையத்தில் இருந்தோம். என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் விற்கவும் ரிப்பேர் பார்க்கவுமாக ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அவர் என் அத்தாவுடைய, அதாவது அப்பாவுடைய, அக்காவின் மகன். அதனால் சிறு வயதிலிருந்தே எனக்கு மச்சான்தான். அவருடைய அம்மா, என் மாமி, எங்களோடு இருந்தார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். நாலாவதாக ஒருத்தி வரவேண்டியிருந்த வருஷம் அது.

எட்டாம் மாதம் வயிற்றில் அசைவு நின்றுபோனது. தேனிக்குக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. என்னிடம் காட்டினார்கள். முகம் எனக்கு நினைவில்லை. காது மட்டும் நினைவிருக்கிறது, மடிந்து, தலையோடு ஒட்டியிருந்தது. மச்சானும் என் அண்ணனும் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அடக்கம் செய்ய ஊருக்குப் போனார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, மின்விசிறியின் இறக்கைகளில் எது அழுக்கு அதிகம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். "அழுதுரு ஆத்தா, நெஞ்சுல வச்சுக்கிடாத" என்று மாமி சொல்லிக்கொண்டே இருப்பார். நான் எதையும் நெஞ்சில் வைத்திருக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருப்பது தெரியும், தொட்டால் தெரியாது. அப்படி இருந்தது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் போகவில்லை. போகாதது பற்றியும் ஒன்றும் தோன்றவில்லை.

முன்னறையைக் குழந்தைக்காக ஒழித்து வைத்திருந்தோம். பச்சை வர்ணம் அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை போட்டிருந்தார் மச்சான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அறையில் டேப்பை இழுத்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்று பார்த்தேன்.

"என்ன மச்சான்?"

"ஒரு மேசை போடலாம்னு. பிளேன் ஓட்டுற மேசை."

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம். கடையில் வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் கீபோர்டைத் தட்டி ஓட்டுவார். இப்படிச் சும்மா தட்டாமல், விமானியின் அறை மாதிரியே சுவிட்சும் லீவரும் வைத்துச் செய்கிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள் என்று இன்டர்நெட்டில் படம் காட்டியிருக்கிறார். அதைத்தான் இப்போது செய்யப்போகிறார். நான் சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லவும் எனக்குள் ஒன்றும் இல்லை.

மாமிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏலே, புள்ள போன வீட்ல வெளாட்டுச் சாமான் செய்யிறியா? ஊர்ல என்ன பேசுவாக?"

மச்சான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தச்சர் வந்தார். பிளைவுட்டை வளைத்து, உட்காருபவரை மூன்று பக்கமும் சுற்றி வருகிற மாதிரி மேசை. படத்தைப் பார்த்துவிட்டு, "நகைக்கடைக் கல்லா மாதிரில இருக்கு. கடைய மாத்துறீகளா?" என்று கேட்டார். மச்சான் விமானம் என்று சொன்னதும் இழைப்புளியை இரண்டு தடவை தள்ளினார். பிறகு, "மேல கூரை வேணாமா?" என்றார். வேண்டாம் என்றதும் அவருக்குக் குறையாகத்தான் இருந்தது.

கூடலூரில் பழைய ஜீப்புகளை உடைத்து விற்கும் ஒருவரிடமிருந்து முன் சீட்டுகள் இரண்டு வந்தன. குமுளி ஏறி இறங்கிய ஜீப். ரெக்சின் கிழிந்து, ஏலக்காய் வாசம் அடித்தது. மாமி அதை வெயிலில் போட்டு, முகம் சுளித்துக்கொண்டே டெட்டால் போட்டுத் துடைத்தார். கம்பத்தில் மோட்டார் பம்ப் சாமான் விற்கும் கடையிலிருந்து தட்டுகிற சுவிட்சுகள் வந்தன. தகரம், கதவுக் கீல், பி.வி.சி. பைப், பழைய மானிட்டர்கள் எல்லாம் அந்தப் பச்சை அறைக்குள் போய்ச் சேர்ந்தன. தொட்டிலுக்காகக் கான்கிரீட்டில் பதித்திருந்த கொக்கியில் ஒயர் கட்டைத் தொங்கவிட்டார். நான் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

சுவிட்சுகளைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைப்பதில்தான் சிக்கல். பழைய கீபோர்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்ன போர்டை எடுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள முனைகளில் ஒயரைப் பற்றவைத்துச் சுவிட்சுக்கு இழுக்க வேண்டும். சுவிட்சைத் தட்டினால், எழுத்தைத் தட்டியதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். மச்சானுக்குக் கடையில் போர்டு மாற்றித்தான் பழக்கம், பற்றவைத்துப் பழக்கமில்லை. ஒயர் ஒட்டாமல் ஈயம் உருண்டு உருண்டு விழுந்தது. விளக்குச் சுவிட்சைத் தட்டினால் சக்கரம் மடங்கியது. மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிடப் போனவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நகருங்க," என்றேன்.

அவர் எழுந்து இடம் விட்டார். பற்றவைக்கும் கம்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆர்வம் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த வேலை, கை தானாகச் செய்தது. புகை மூக்கில் ஏறியது. ஒரு முனை, அடுத்த முனை, அதற்கடுத்தது. அன்றிலிருந்து தினமும் காலைச் சமையல் முடிந்ததும் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கே யாரும் என்னிடம் ஆறுதல் சொல்லவில்லை. மாமி வாசலில் வந்து நின்று, எட்டிப் பார்த்து, போய்விடுவார். ஒரு நாள் ஒரு டம்ளர் ஹார்லிக்ஸை உள்ளே கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் சீட்டின் மேல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் ஊரைப் பற்றிப் பேசவில்லை.

காற்றுக்காலம் முடியும்போது மேசை முடிந்தது. பீரோவுக்கு அடிக்கும் சாம்பல் வர்ணம் அடித்தோம். மச்சான் இடது சீட்டில் உட்கார்ந்தார். என்னை வலது சீட்டில் உட்காரச் சொன்னார். மதுரையிலிருந்து ஒரு சின்ன விமானத்தை எழுப்பி, மேற்கே திருப்பினார். திரையில் கட்டம் கட்டமாகப் பழுப்பும் பச்சையும் நகர்ந்தது. பிறகு மலை வந்தது. அது எங்கள் மலை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. நடுவில் பள்ளத்தாக்கு வெறும் பச்சையாகக் கிடந்தது. முல்லையாறு இல்லை. வாழை இல்லை, தென்னை இல்லை. ஒரு வீடுகூட இல்லை.

"இங்கனதான் நம்ம ஊரு," என்று திரையில் விரல் வைத்துக் காட்டினார். "அந்த மலை முக்கு இருக்குல்ல, அதுக்கு நேரா."

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அது எங்கன?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரிந்தது. அதுவரை நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. விமானத்தைச் சாய்த்து, வந்த வழியே ஒரு வட்டம் திருப்பினார்.

"இங்கன பள்ளிவாசல்னு வச்சுக்க. பின்னால மையவாடிச் சுவரு. உள்ள நுழைஞ்சதும் வலது பக்கம் சின்னச் சின்னதா இருக்கும், எல்லாம் பிள்ளைக. அதுல சுவரை ஒட்டி." அவருடைய விரல் பச்சைக் கண்ணாடியின் மேல் நின்றுகொண்டிருந்தது. "வேம்பு ஒண்ணு நிக்கிது. மத்தியானத்துக்கு மேல நெழல் இருக்கும்."

"யாரு இறக்குனாக?"

"நான்தான். கையிலயே கொண்டுபோய் வச்சேன். உங்கண்ணன் மேல நின்னாக."

"கனமா இருந்துச்சா?"

"இல்ல," என்றார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விமானம் பிடிப்பில்லாமல் மூக்கைத் தாழ்த்தி இறங்க ஆரம்பித்தது. நான் குறுக்கே கை நீட்டி நிறுத்துகிற சுவிட்சைத் தட்டினேன். படம் அப்படியே நின்றது. எனக்கு அழுகை வரவில்லை. இடம் எது என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான். அவர் தோளில் கை வைத்தேன். வைக்க வேண்டும் என்று தெரிந்ததால் வைத்தேன்.

அழுகை வந்தது வேறொரு நாள். சின்னமனூரில் பஸ் நின்றபோது, பக்கத்து சீட்டுக்காரம்மா ஜன்னலைக் கொஞ்சம் தூக்கிவிடச் சொன்னார். தூக்கினேன், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன், வரவில்லை. அதற்குப் போய் தேனி வரைக்கும் அழுதேன். அந்த அம்மா பயந்துபோய், "விடுத்தா, காத்து வந்தா வருது, வராட்டிப் போகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மேசைக்கு அடுத்து வந்தவர் மாமி. ஒரு நாள் காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "ஏலே, இது ஜித்தாவுக்குப் போகுமா?" என்று மச்சானைக் கேட்டார்.

மாமா உயிரோடு இருந்தபோது ஹஜ்ஜுக்குப் பேசிவைத்து, நடக்காமல் போனது. பிறகு மாமிக்கு முழங்கால் போய்விட்டது.

"போகும்மா. கொச்சியிலருந்து போகலாம். ஆனா நெசமாவே ஆகிற நேரம் ஆகும்."

"ஆகட்டுமே. எனக்கு என்ன வேல கெடக்கு?"

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டதும் கிளம்பினோம். மாமி குளித்து, வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு வலது சீட்டில் உட்கார்ந்தார். கையில் தஸ்பீஹ் மணி. நான் பின்னால் ஸ்டூலில். விமானம் தரையை விட்டு எழும்பும்போது மாமி சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு முழுக்கக் கடல். நீலம் மட்டும். மாமி வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் உரித்தேன்.

கரண்ட் போயிற்று. அந்த வருஷங்களில் அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்தியது. திரைகள் எல்லாம் ஒன்றாக இருண்டன. விசிறி சுற்றி ஓய்ந்தது. இருட்டிய திரையையே பார்த்துக்கொண்டிருந்த மாமி, மெதுவாக மச்சான் பக்கம் திரும்பி, "நடுக்கடல்லயா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"நீச்சலு தெரியாதே எனக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மச்சான் திரும்பிப் பார்த்தார். மாமியும் பார்த்தார். மாமி துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, "சிரிக்கிறா பாரு" என்று திட்டுகிற மாதிரி சொன்னார். அந்தச் சிரிப்பு நின்றதும் மறுபடி பழையபடி ஆகிவிட்டது. ஆனாலும் வந்தது.

மாமி விடவில்லை. பாதியில் விட்ட பயணம் ஆகாது என்றார். மச்சான் ஒரு பழைய லாரி பேட்டரியும் இன்வெர்ட்டரும் தேடிப் பிடித்து மாட்டினார். அதற்கு ஒயர் இழுத்தது நான். பதினைந்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கே கொச்சியிலிருந்து மறுபடி கிளம்பினோம். நடுவில் கரண்ட் போய் வந்தது, விமானத்துக்குத் தெரியவில்லை. கடல் முடிந்து மணல் வந்தது. மச்சானுக்கு முதுகு வலித்ததால் இடத்தை மாற்றிக்கொண்டோம். இறக்கியது நான்தான். பாதைக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக, குலுங்கி இறங்கியது.

பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மாமி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் பாதி திறந்திருந்தது. தஸ்பீஹ் மணி மடியிலிருந்து நழுவி ஜீப் சீட்டின் கிழிசலில் கிடந்தது.

"எழுப்பவா?" என்று சைகையில் கேட்டேன்.

"தூங்கட்டும்," என்றார் மச்சான், சத்தம் வராமல். "வந்துட்டம்ல."

நான் எஞ்சின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக, டக்கென்று சத்தம் வராதபடி விரலால் பிடித்து அணைத்தேன். வெளியே அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரமாகியிருந்தது. மச்சான் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனார். நான் மாமி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.