எழும்பிகளைக் கீறிய மீராமுகைதீன்

கிழக்கிலங்கையின் மருதமுனையில் பெயர்ப்பலகை எழுதிய மீராமுகைதீனைப் பலருக்கும் தெரியும். அவர் படக்கதைப் புத்தகங்களும் கீறி வெளியிட்டவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். ஆறு புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் தலைப்பு ஒன்றுதான்: 'எழும்பிகள்'. செத்தவர்கள் எழுந்து நடந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கிற கதைகள். ஒவ்வொரு புத்தகமும் ஒரு காலம். பழைய நாட்களில் இப்படி நடந்திருந்தால் அந்த ஊர்ச்சனம் என்ன செய்திருக்கும் என்பதே அவர் கேட்ட கேள்வி.

முதல் புத்தகத்தில் ஆற்றங்கரை நகரமொன்றில் எழும்பிகள் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்தன. இரண்டாவதில் சோழப் படையின் பாசறை. மூன்றாவதில் மன்னாரில் முத்துக்குளித்தவர்கள் கடலடியில் இறந்து, கரையை நோக்கி நடந்தே வந்தார்கள். பிறகு போர்த்துக்கேயரின் கோட்டை, ஒல்லாந்தரின் உப்புக் கப்பல். ஆறாவது புத்தகம் கோப்பித் தோட்டக் காலத்தைப் பற்றியது. இந்தியாவிலிருந்து மலைநாட்டுக்குக் கால்நடையாக வந்தவர்கள் வழியில் நோய் கண்டு விழுகிறார்கள். விழுந்தவர்கள் எழுந்து, தோட்டத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லையே என்று தொடர்ந்து நடக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் அவர்கள் ஒருவரையும் கடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

படங்களுக்குக் கீழே வசனம் எழுதியதும், உடுப்பும் பாத்திரமும் அந்தந்தக் காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்ததும் நான். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் மழையளவு பதிந்து ஓய்வு பெற்றவன். வீடு சொறிக்கல்முனை. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலங்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் சைக்கிளில் படங்களைக் கட்டிக்கொண்டு வருவார். ஒருமுறை சோழர் பாசறைப் படத்தில், அடுப்படியில் செத்தல் மிளகாய் கீறியிருந்தார். மிளகாய் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது என்றேன்.

"பொணம் எழும்பி நடக்கிறத ஒத்துக்கொள்றீங்க, மிளகாய ஒத்துக்கொள்ள ஏலாதா அண்ணன்?"

"பிணம் நடக்கயில்ல எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கயில்ல தம்பி. மிளகாய் எப்ப வந்தது எண்டு எழுதிக் கிடக்கு."

சிரித்துக்கொண்டே அழித்தார்.

அவர் ஏன் செத்தவர்களையே கீறினார் என்பதைச் சொல்லவேண்டும். இளவயதில் ஒரு குடிபானக் கடைக்காக, போத்தலைப் பிடித்துச் சிரிக்கிற பெண்ணைச் சுவரில் கீறினார். பள்ளிவாசலின் அப்துல் ஸமட் மௌலவி அவரைக் கூப்பிட்டனுப்பினார். அடுத்து நடந்த பேச்சு மீராமுகைதீன் எனக்குச் சொன்னது.

"உசிருள்ளதக் கீறினா, மறுமையில அதுக்கு உசிர் குடு எண்டு கேள்வி வரும். குடுப்பியாடா நீ?"

"ஏலா ஹஸரத்."

"மறுகா என்னத்துக்குக் கீறுற?"

"உசிர் இல்லாததக் கீறினா?"

"மரத்தக் கீறு, கப்பலக் கீறு. ஆர் வேணாமெண்டா?"

"மையித்து?"

மையித்து என்றால் பிணம். மௌலவி, "மையித்தக் கீறி ஆர்ரா வாங்குவான்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டாராம். மீராமுகைதீன் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டார். மௌலவி அனுமதியாகத்தான் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு சட்டம் வந்தது. அவருடைய படங்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு முகம் கிடையாது. திரும்பி நிற்பார்கள், அல்லது தொப்பியோ முக்காடோ மறைக்கும். எழும்பிகளுக்கு மட்டும்தான் முகம். ஒருவன் கடிபட்டால் அடுத்த கட்டத்தில் மெல்லத் திரும்புவான். அப்போதுதான் அவன் முகத்தை நாம் முதன்முறையாகப் பார்ப்போம். கல்முனை பஸ் நிலையத்தில் புத்தகம் வாங்கிய பொடியன்கள் 'முகம் தெரிஞ்சா ஆள் முடிஞ்சான்' என்று சொல்லிக்கொள்வார்கள்.

திரும்பி நிற்கிற பெண்கள் எல்லோரும் அவருடைய மனைவி உம்மு. அடுப்படியில், கிணற்றடியில், நெல் காயவைக்கும் இடத்தில், பின்னால் இருந்து அவரைப் பார்த்துப் பார்த்துக் கீறினார். சோழர் காலத்துப் பெண்ணும் உம்முதான், ஒல்லாந்தக் கப்பற்காரனின் மனைவியும் உம்முதான். பிள்ளைகள் இல்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்து அவர் அங்கே போனவர். கடற்கரையிலிருந்து இரண்டாவது ஒழுங்கை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அவர் என் வீட்டில் இருந்தார். தேத்தண்ணி ஆறுமுன்னே வீதியில் சனம் மேற்கே ஓடி வந்தது. "கடல் வருது, கடல் வருது" என்றார்கள். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சனத்துக்கு எதிரே போனார்.

வீட்டின் அத்திவாரம் இருந்தது. உம்மு கிடைக்கவில்லை. அந்த நாட்களில் கிடைத்த உடல்களைப் பெயர் கேட்க நேரமில்லாமல் ஒன்றாக அடக்கினார்கள். சிலவற்றை உள்ளூர் ஆசுப்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார்கள். உம்முவின் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. அடையாள அட்டையும் வீட்டோடு போயிற்று.

உம்முவுக்கு மூத்தவர், ராத்தா சல்மா உம்மா, பள்ளிக்கூடத்து முகாமில் அவரைப் பிடித்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"தம்பி, அவட முகத்தக் கீறித் தாங்க. ஆசுப்பத்திரி ஆசுப்பத்திரியாக் கொண்டுபோய்க் காட்டுறன். தலையில அடிபட்டுப் பேர் தெரியாமக் கிடக்கிற சனம் இரிக்கிதாம்."

"ஏலா மதினி."

"என்ன ஏலா? ஊருலகத்துப் பேயெல்லாம் கீறத் தெரியுது, பொஞ்சாதிட முகம் தெரியாதா?"

"நான் முகம் கீறினா அவ மௌத்து. அவ மௌத்தாகல்ல."

"அது உங்கட புத்தகத்துச் சட்டம். கடலுக்கு அது தெரியுமா?"

அவர் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போனார். ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு தாளைக் கொடுத்தார். அதில் உம்மு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தார். வலது தோள் சற்றுத் தாழ்ந்து, முக்காட்டின் நுனியை இடது கையில் சுற்றிப் பிடித்து. உம்முவைத் தெரிந்த எவரும் அதைப் பார்த்தவுடன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சல்மா உம்மா வேறு வழியில்லாமல் அதையே கொண்டு அலைந்தார். "பின்பக்கத்த வெச்சு ஆரத் தேடுறது?" என்று ஓர் ஆசுப்பத்திரியில் கேட்டார்களாம். திரும்பி வந்து தாளை அவர் மடியில் போட்டார். அதன் பிறகு அவரோடு கதைக்கவில்லை.

வீடு இல்லாததால் அவர் பெயர்ப்பலகைக் கடையின் பின்னறையில் படுத்தார். மற்ற வீடுகளில் காணாமற் போனவர்களுக்கெல்லாம் பள்ளியில் காயிப் ஜனாஸா தொழுதார்கள். உடல் இல்லாமலே தொழுகிற இறுதித் தொழுகை அது. உம்முவின் பெயரை அவர் கொடுக்கவில்லை. ஏழாவது புத்தகம் நம் காலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து ஒருவர் கேட்டு வந்தார். "நம்மட காலத்துக்கு என்னட்ட ஆள் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார், சாப்பிடுவார், மழையைப் பற்றிக் கதைப்பார். படம் கொண்டுவருவதில்லை.

2009 மே மாதம் சண்டை முடிந்தது. கல்முனையில் வெடி கொளுத்தினார்கள். என் தங்கை வல்லியம்மையின் மகன் சுஜீபனை இயக்கம் பிடித்துக்கொண்டு போனபோது அவனுக்குப் பதினைந்து வயது. வன்னியில் இருந்தான் என்பது மட்டும் தெரியும். தங்கை வவுனியா முகாம்களுக்குப் போய் வந்தாள். அவளிடம் இருந்தது பள்ளிக்கூடத்தில் எடுத்த படம். அதைப் பார்த்தவர்கள், இது சின்னப் பொடியன், இப்போது எப்படி இருப்பான் என்று கேட்டார்கள். ஆகஸ்டில் அவள் என்னையும் இழுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனாள்.

"மீரா தம்பி, இதில ஏழு வருசத்தக் கூட்டிக் கீறித் தா."

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். "அக்கா, நான் ஆரக் கீறுறவன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அதுக்கென்ன?"

"இவன் இரிக்கான் எண்டு நினைக்கிறீங்களா?"

"நினைக்கிறதென்ன? இரிக்கான். உனக்குக் கீற ஏலாட்டிச் சொல்லு, வேற ஆளப் பாக்கிறன். தகப்பன் மாதிரி நெத்தி ஏறியிருக்கும், அதையும் கீறு."

நான் வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன். அவர் பென்சிலைச் சீவினார். தகப்பனுக்குத் தாடி எந்த இடத்தில் அடர்ந்தது, சாப்பாடு குறைந்தால் அந்தக் குடும்பத்தில் கன்னம் ஒட்டுமா கண் உள்ளே போகுமா என்று கேட்டுக் கேட்டுக் கீறினார். என்னையும் வெளிச்சத்தில் நிறுத்தி என் தாடையைப் பார்த்தார். முடித்தபோது இருபத்திரண்டு வயதுச் சுஜீபன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது உயிருள்ள முகம். தங்கை அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். இதை எழுதும் வரை சுஜீபனைப் பற்றித் தகவல் இல்லை. தங்கை அந்தப் படத்தோடுதான் இன்னும் போய் வருகிறாள்.

"கீறிட்டியே தம்பி" என்றேன்.

"குத்தமெண்டா என்ட பேர்ல கிடக்கட்டும். அவக்கு இல்ல எண்டு சொல்ல வாய் வரல்ல."

பிறகு இன்னொரு தாளை எடுத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. முக்காடு வந்தது, அதன் ஓரத்து மடிப்பு வந்தது, கழுத்து வந்தது. நடுவில் வெறுமையாக இருந்தது. அவர் பென்சிலை வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். கண்ணை மூடிப் பார்த்தார். அசர் தொழுகைக்கு அழைப்பு வந்தது, எழும்பவில்லை.

"அண்ணன், உம்முட முகம் வருகுதில்ல."

"கொஞ்சம் பொறுத்துப் பாரு."

"வருகுதில்ல அண்ணன். கை வருது. நடை வருது. அடுப்பூதுற முதுகு வருது. நான் அதத்தானே பாத்தன், முப்பது வருசமா."

அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு சல்மா உம்மாவின் வீட்டுக்குப் போனார். சல்மா உம்மா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து "வாங்க" என்றார். அவரைப் பார்க்கவில்லை.

"மதினி, முன்னுக்கு இரிக்கணும். உங்களப் பாத்து அவளப் பிடிச்சிரலாம்."

"இப்பத்தானா ஞாபகம் வந்த?"

"ஞாபகம் போய்த்து. அதாலதான் வந்திரிக்கன்."

சல்மா உம்மா வாசலை விட்டு விலகினார். பிறகு கதிரையை இழுத்து வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"மூக்கு ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்" என்றார். "கண் அவக்குச் சின்னன்."

"சின்னனா?"

"சிரிச்சாச் சின்னன். மத்தப்படி பெரிசு. மச்சம் ஒண்டு இரிந்த."

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். இல்ல. அவ என்ட முன்னுக்கு இரிந்தா இந்தக் கைப்பக்கம் வரும்." வலது கையைத் தூக்கிப் பார்த்தார். இடது கையையும் தூக்கினார். "அல்லாஹ், எனக்கும் சரியாத் தெரியாது தம்பி."

மச்சம் இல்லாமலே கீறினார். நீண்ட நேரம் எடுத்தது. அழித்த இடங்களில் தாள் மெலிந்து போயிற்று. முடித்து நீட்டியதும் சல்மா உம்மா தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"இது நான்" என்றார்.

"ஓம் மதினி."

"அவ இப்பிடியில்ல."

"ஓம்."

மீராமுகைதீன் தாளைத் திரும்ப வாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளிக்கிழமை பள்ளியில அவக்குத் தொழுவிக்கச் சொல்லப்போறன்."

"இவ்வளவு நாளும் மௌத்தாகல்ல எண்டீங்க."

"நான் கீறாம வெச்சிரிந்தா அவ எங்கயாவது இரிப்பா எண்டுதான் இரிந்தன். இனி அவ இந்த வாசலால வந்தாலும் முகத்தப் பாத்து எனக்குத் தெரியா மதினி. மறுகா ஆரத் தேடுற?"

சல்மா உம்மா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து போய் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். மீராமுகைதீன் முழுவதையும் குடித்தார்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசலுக்கு எதிரே, மூடியிருந்த கடையொன்றின் நிழலில் நின்றேன். ஒலிபெருக்கியில் உம்முவின் பெயரும் தகப்பனின் பெயரும் வந்தன. தொழுகை முடிந்து வந்தவர்களில் சிலர் யார் அந்த உம்மு என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டு போனார்கள். ஊர் தன்னுடைய தொழுகைகளை எப்போதோ முடித்துவிட்டிருந்தது.

மீராமுகைதீன் கடைசியாக வந்தார்.

"சுணங்கிட்டனா அண்ணன்?"

"இல்ல" என்றேன்.

சைக்கிள்களை உருட்டிக்கொண்டு இருவரும் நடந்தோம். சந்தியில் அவர் கடைப்பக்கம் திரும்பினார். நான் மேற்கே போனேன்.