இடதுகை இளவரசனின் வாள்

குமுளிக்கு மேலே மூன்று மைல் ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்தில் செல்லத்துரைக்குப் பெட்டி அடிக்கிற வேலை. சீமைக்குப் போகும் தேயிலையை அடைக்க நாளுக்குப் பதினெட்டுப் பெட்டி அடிக்க வேண்டும். பலகையை அறுத்து, மூலையைப் பொருத்தி, ஓரத்தில் தகரப் பட்டை வைத்து ஆணி அடித்தால் ஒரு பெட்டி. மற்றவர்கள் அடித்த பெட்டிகளில் மூலைக்கு மூலை ஒரு நூல் முன்னே பின்னே இருக்கும். அவன் பெட்டியில் இருக்காது. இருந்தால் பிரித்துவிட்டு மறுபடி அடிப்பான்.

"அடேய், லண்டன்ல அந்தப் பெட்டிய ஒடைக்கத்தான போறான்?" என்று கங்காணி குருசாமி கேட்பார்.

"ஒடைக்கட்டும் கங்காணி. கோணப் பெட்டிய ஒடைச்சோம்னு அவன் சொல்லிரக் கூடாதுல்ல."

வீட்டிலும் இதே கதைதான். கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவன் வீட்டுக்குப் பின்னால் நாலு தகரத்தை வைத்து ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் உளி, இழைப்புளி, அரம் எல்லாம் வரிசையாக மாட்டியிருந்தான். ஒருமுறை மனைவிக்கு முக்காலி செய்து கொடுத்தான். முக்காலி ஆடவில்லை, ஆனால் சாய்ந்து நின்றது. முக்காலி சரி, தரைதான் கோணல் என்று சொல்லி இரண்டு நாள் தரையைச் செதுக்கினான். அவன் மனைவி முத்துப்பேச்சி அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டில் சோறு பொங்கினாள். அவளுக்குக் கொழுந்து கிள்ளுகிற வேலை. கண்ணும் கூர்மை, வாயும் கூர்மை.

1930-ஆம் வருஷம் பங்குனியில் கம்பத்தில் சினிமாக் கொட்டகை போட்டார்கள். பேசாத படம். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் மலையிறங்கி, கம்பத்திலிருந்த முத்துப்பேச்சியின் தங்கை சுருளியம்மாள் வீட்டில் தங்கி, சாயந்தர ஆட்டம் பார்த்தார்கள். கொட்டகையின் நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் துணி தொங்கியது. துணிக்கு இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். ஆட்டம் தொடங்குமுன் ஒருவன் வாளித் தண்ணீரை அள்ளித் துணியை நனைப்பான். நனைந்த துணியில் படம் இரண்டு பக்கமும் தெரியும். பெண்கள் பக்கம் டிக்கெட் பாதி விலை.

நாட்டைப் பிடுங்கிக்கொண்ட சித்தப்பனை ஓர் இளவரசன் வெட்டி வீழ்த்துகிற கதை. இளவரசன் அழகன்தான், இளவரசி அவனைவிட அழகு. செல்லத்துரை இரண்டு பேரையும் பார்க்கவில்லை. அவன் கண் முழுக்க வாள்மேல் இருந்தது. மயில் தலை வைத்த பிடி. லேசாக வளைந்த அலகு. பிடிக்குப் பக்கத்தில், அலகின் ஒரு முகத்தில் மட்டும் பதித்த ஒரு கல், மறுமுகம் வெறுமை. சண்டைக்கு முன் இளவரசன் வாளை மூக்குக்கு நேரே நிமிர்த்திப் பிடித்துக் கும்பிட்டபோது, கல் பளிச்சென்று தெரிந்தது.

"பேச்சி, அந்த வாளச் செஞ்சுரணும்" என்றான் வெளியே வந்ததும்.

"எதுக்குய்யா?"

"செஞ்சுரணும். அப்படியே. ஒரு நூல் பிசகாம."

தோட்டத்தில் மரம் அறுக்கிற பெரிய ஈர்வாள் ஒன்று பல் உடைந்து மூலையில் கிடந்தது. குருசாமியிடம் கேட்டு அதை எடுத்துவந்தான். நல்ல உருக்கு. ஆனால் எந்த நீளத்துக்கு வெட்டுவது? துணியில் இளவரசனே பத்தடி உயரம் நின்றான். அடுத்த சனிக்கிழமை கையோடு ஒரு குச்சி கொண்டுபோனான். ஒற்றைக் கண்ணை மூடிக் குச்சியைத் துணிக்கு நேரே நீட்டி அளந்தபோது, பின்னாலிருந்தவன் அவன் முதுகில் காலால் இடித்தான். அதற்குள் வழி கிடைத்துவிட்டது. ஒரு காட்சியில் இளவரசன் வாள் நுனியில் எலுமிச்சம்பழத்தைக் குத்தித் திருஷ்டி கழித்தான். குச்சியால் அளந்ததில், அலகு சரியாக இருபது பழ நீளம்.

வீட்டுக்கு வந்து முத்துப்பேச்சி இருபது எலுமிச்சம்பழத்தை வரிசையாக அடுக்கினாள். பிறகு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அது எலுமிச்சைனு ஒனக்கு யாரு சொன்னது? நாரத்தங்காயா இருந்தா?"

நாரத்தங்காய் என்றால் வாள் இரண்டு பங்காகிவிடும். படத்தில் மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை, எல்லாம் சாம்பல். மூன்றாம் வாரம் மறுபடி போய்ப் பார்த்து, பழத்தை இளவரசன் இரண்டு விரலால் எடுக்கிறான், ஆகவே எலுமிச்சைதான் என்று முடிவு கட்டினார்கள். அந்த இருபது பழமும் ஊறுகாயாகி ஆடி மாதம்வரை வந்தது. கல்லுக்கும் இதே பாடு. அவள் சிவப்பு என்றாள், அவன் பச்சை என்றான். கடைசியில் படத்தில் பார்த்தது போலவே இருக்கட்டும் என்று ஓடையிலிருந்து ஒரு சாம்பல் கூழாங்கல்லை எடுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கினான்.

ஈர்வாளின் பல்லையெல்லாம் அராவி எடுத்து, அலகை வளைத்து, காப்பி வேரில் மயில் தலை செதுக்கிப் பொருத்தினான். கல்லைப் பதிக்கக் குழி தோண்ட வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்குத்தான் சண்டை பிடித்துக்கொண்டது.

அலகில் கரியால் அடையாளம் போட்டான். எட்டிப் பார்த்த முத்துப்பேச்சி, "தப்பு" என்றாள். "அந்த முகத்துல இல்லய்யா கல்லு. இந்த முகத்துல."

"ஏ புள்ள, கல்லு நம்மளப் பாத்து இருக்கறப்ப மயிலு எந்தப் பக்கம் பாக்குது? சோத்தாங்கைப் பக்கம்."

"பீச்சாங்கைப் பக்கம்."

"ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எனக்கா? கொழுந்துக் கூடைக்குள்ள ஒரு முத்தின எல கெடந்தா எடுத்து வீசுற கண்ணுய்யா இது. அந்த ஆளே பீச்சாங்கைக்காரன். அதையே நீ பாக்கல, மயில எங்க பாத்த?"

"ராசா பெத்த புள்ள பீச்சாங்கையில வாளு புடிப்பானா?"

"புடிச்சான். சித்தப்பன வெட்டினதும் அந்தக் கையாலதான். நாலு வாட்டி பாத்துட்டேன்."

செல்லத்துரை பக்கத்து வீட்டுக்காரனைச் சாட்சிக்குக் கூப்பிட்டான். அவன் வலது கை என்றான். முத்துப்பேச்சி அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டாள். அவள் இடது கை என்றாள். இப்படியே வீடு வீடாகப் போனது. அந்தத் தோட்டத்தில் படம் பார்த்த ஆண் ஒருவன் பாக்கியில்லாமல் வலது கை என்றான். படம் பார்த்த பெண் ஒருத்தி பாக்கியில்லாமல் இடது கை என்றாள். மறுநாள் தேயிலைக் காட்டில் இதே பேச்சு. ஆம்பளைகள் இளவரசியைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள், வாளை எங்கே பார்த்தார்கள் என்று பெண்கள் சிரித்தார்கள். பொம்பளைகளுக்குக் கண்ணீர் மறைத்திருக்கும் என்று ஆண்கள் சொன்னார்கள். அன்று சாயந்தரம் கொழுந்து எடை குறைந்துவிட்டது. இனி காட்டுக்குள் யாராவது சோத்தாங்கை, பீச்சாங்கை என்று வாயெடுத்தால் அரைப்பேர்தான் போடுவேன், அரைநாள் கூலிதான் என்று குருசாமி சத்தம் போட்டார். அவரும் படம் பார்த்தவர். போகிற போக்கில், "ஆனா அது சோத்தாங்கைதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் பேச்சு குறைந்தது. முத்துப்பேச்சி தட்டில் சோறு போடுவாள், இன்னும் வேண்டுமா என்று கேட்க மாட்டாள். குழி தோண்டாத வாள் சாய்ப்பில் தொங்கியது. செல்லத்துரைக்குப் பெட்டி அடிக்கும்போதுகூட அதே நினைப்பு. அவள் கண் பொய் சொல்லாது என்று அவனுக்குத் தெரியும். தன் கண்ணும் பொய் சொல்லாது என்று அவன் நம்பியிருந்தான்.

சித்திரை முடிவில், அந்த வாரத்தோடு படம் போகிறது என்று சுருளியம்மாள் சொல்லியனுப்பினாள். வாளையே கொண்டுபோய்ப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. இரண்டு கட்சியிலும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் கிளம்பினார்கள். வாளைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டான் செல்லத்துரை.

குமுளிச் சுங்கச் சவுக்கையில் திருவிதாங்கூர்ச் சேவகன் ஒருவன் மறித்தான். ஏலக்காய் கடத்துகிறார்களா என்று பார்ப்பது அவன் வேலை.

"எந்தா பொதியில்?"

"வாளுங்க."

"அறக்கவாளோ?"

மலையாளத்தில் மரம் அறுப்பதும் வாள்தான். செல்லத்துரை பொய் சொல்லத் தெரியாதவன். கொஞ்சம் யோசித்தான். "அறக்கவாளாத்தாங்க இருந்துச்சு" என்றான்.

"செரி, பொய்க்கோ" என்று சேவகன் வழிவிட்டான்.

கொட்டகையில் ஆண்கள் இந்தப் பக்கமும் பெண்கள் அந்தப் பக்கமும் போனார்கள். வாளை முத்துப்பேச்சி தன்னோடு எடுத்துக்கொண்டாள். இளவரசன் வாளை நிமிர்த்திப் பிடிக்கிற காட்சி வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து, "இந்தா பாரு, பீச்சாங்கை!" என்று அவள் குரல் கேட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஆறு பேர், "சோத்தாங்கை!" என்று கத்தினார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து துணியைச் சுற்றிக்கொண்டு ஆண்கள் பக்கம் வந்தாள்.

"ஏம்மா, இது ஆம்பளைக பக்கம்மா" என்று கொட்டகைக்காரன் ஓடிவந்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டான்.

அவள் துணியைப் பார்த்தாள். இளவரசன் வலது கையால் வெட்டிக்கொண்டிருந்தான்.

"கை மாத்திட்டானா?" என்றாள். திரும்பிப் பெண்கள் பக்கம் ஓடினாள். அங்கே இடது கை. மறுபடி இந்தப் பக்கம் வந்தாள். வலது கை. மூன்று தடவை சுற்றினாள். நான்காம் தடவை செல்லத்துரையின் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்கள் பக்கம் போனாள். "ஆம்பள வாரான், ஆம்பள வாரான்!" என்று பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

செல்லத்துரை அண்ணாந்து பார்த்தான். இளவரசன் இடது கைக்காரனாக இருந்தான். மயில் மறுபக்கம் பார்த்தது. சித்தப்பன்கூட மறுபக்கம் சாய்ந்து செத்தான். செல்லத்துரைக்குச் சட்டென்று தோட்டத்துச் சாக்கு நினைவுக்கு வந்தது. சாக்கில் தோட்டத்தின் பெயரை மையால் அச்சுக் குத்துவார்கள். மை ஊறிப் பின்பக்கம் வந்தால் எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும். இதுவும் அதேதான். அவன் சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

விஷயம் புரிந்ததும், கூட வந்திருந்த செபமாலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த அவள் ஒருத்திக்குத்தான் அந்த லயத்துப் பெண்களில் எழுத்து தெரியும். "அதான் படத்துல போட்ட எழுத்து ஒண்ணுகூட எனக்கு வெளங்கல! நான் மலையாளம்னுல்ல நெனச்சேன்."

திரும்பி மலையேறும்போது, எழுத்து எங்கள் பக்கம்தான் நேராகத் தெரிந்தது, ஆகவே ஜெயித்தது நாங்கள்தான் என்று ஆண்கள் வாதாடினார்கள். "நீங்க பாத்ததும் துணி, நாங்க பாத்ததும் துணி. போங்கய்யா" என்றாள் முத்துப்பேச்சி. ஒரு மாதமாக அவளைக் கண் அவிந்தவள் என்று சொன்னது செல்லத்துரைக்குள் சிராய் மாதிரி குத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் குழி தோண்டி, தான் பார்த்த முகத்தில் கல்லைப் பதித்தான். வாள் முடிந்தது. லயமே வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டு முகத்திலும் கல் வைத்துவிடு, தகராறு தீரும் என்று குருசாமி யோசனை சொன்னார். அப்படி ஒரு வாள் படத்தின் எந்தப் பக்கத்திலும் கிடையாது என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகும் சாய்ப்பில் அரம் தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை. ஈர்வாளில் இன்னொரு அலகுக்குத் துண்டு மிச்சம் இருந்தது. ஆனி கடைசியில் ஒருநாள், முத்துப்பேச்சி குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு முன்னால் இரண்டாவது வாளை வைத்தான். கல் மறுமுகத்தில் இருந்தது.

"இந்தா. ஒன் பக்கத்து வாளு."

அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். வாளை எடுத்து நிமிர்த்திப் பார்த்தாள். மயில் சரியாகப் பார்த்தது. முதல் வாளைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவினாள்.

"இது ஒரு நூல் நீளமா இருக்கே."

செல்லத்துரை வாங்கிப் பார்த்தான். இருந்தது. எடுத்துக்கொண்டு சாய்ப்புக்குப் போனான். அரத்தின் சத்தத்துக்கு நடுவே, "மாமா, சோறு போடுறேன் வா, ஆறிப்போகும். இன்னும் கொஞ்சம் கூடப் போடவா?" என்று அவள் கேட்டது அவன் காதில் விழுந்தது.

அந்த வருஷம் தோட்டத்து மாரியம்மன் பொங்கலில் பெண்கள் சேர்ந்து அந்தக் கதையை நாடகமாகப் போட்டார்கள். முத்துப்பேச்சி இளவரசன். இடது கை பழக வேண்டும் என்று ஒரு மாதம் அந்தக் கையாலேயே கொழுந்து கிள்ளினாள். சித்தப்பன் வேஷத்துக்குப் பெண்கள் யாரும் ஒத்துக்கொள்ளாததால் குருசாமியே கட்டினார். அவர் வலது கை வெட்டுக்கென்று கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கையிலிருந்து விழுந்த அடியில் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். "ஏத்தா, மெதுவாத்தா! நாளைக்கு நான் பேர் போடணும்!" என்று அவர் கத்தியதை நாடகத்தில் சேர்ந்த வசனம் என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். மூன்று வருஷம் அந்த நாடகம் நடந்தது. பிறகு முத்துப்பேச்சிக்கு முழங்கால் வலி வந்தது. வேஷத்தைத் தங்கை சுருளியம்மாளின் மகள் வாங்கிக்கொண்டாள்.

அதற்கும் பிறகு கம்பத்துக்குப் பேசுகிற படம் வந்தது. பார்த்துவிட்டுச் செல்லத்துரை வீட்டுக்கு வந்ததும் நாலு பலகையை எடுத்துத் தட்டிப் பார்த்தான்.

"இப்ப என்னய்யா?"

"அந்தப் பல்லக்குப் பாத்தியா பேச்சி? எட்டுப் பேரு தூக்குனாங்களே."

முத்துப்பேச்சி அவனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போய் அளவுகோலை எடுத்துவந்து கொடுத்தாள்.

"மொதல்ல நம்ம வாசக்கதவ அளந்து பாரு" என்றாள்.