வெள்ளைக் கோடு, சிவப்புக் கோடு

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது மொட்டைமாடியில். லிஃப்டை இழுக்கும் மோட்டார் கட்டடத்தின் உச்சியில்தான் இருக்கும். உதிரிபாகம் வரும்வரை அங்கே காத்துக் கிடக்கிறவர் வேறு எதைப் பார்ப்பார்? பார்க்கத் தொடங்கியவர் ஒரு பைனாகுலரும் வாங்கிவிட்டார்.

"என் மூஞ்சிய என்னிக்காவது இவ்ளோ நேரம் உத்துப் பாத்திருக்கீங்களா?" என்பாள் மனைவி.

"நீ பறந்து போயிட மாட்டியே" என்பார்.

ஓய்வு பெற்றதும், பறவை பார்க்க வெளிநாடு போக இருவருக்கும் ஏற்பாடு செய்தார். புறப்படுவதற்குள் மாரடைப்பு முந்திக்கொண்டது. அவருக்குப் பதிலாக மகள் அம்மாவோடு வந்தாள்.

புது நாட்டில் முதல் காலை. விடுதி அறையின் ஜன்னல் உள்பக்கமாகத் திறந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் அம்மா வெளியே தள்ளித் தள்ளி ஓய்ந்துவிட்டாள். கீழே வழிகாட்டிப் பெண் வண்டியோடு காத்திருந்தாள்.

மகள் எதிர்மரத்தை நோக்கி அப்பாவின் பைனாகுலரைப் பிடித்தாள். இடது கண்ணுக்கு ஒரு பறவையின் மஞ்சள் மார்பு துல்லியமாகத் தெரிந்தது. வலது கண்ணுக்கு வெறும் புகை. அப்பாவுக்கு வலது கண்ணில் பார்வை குறைவு. அந்தக் கண்ணுக்கேற்ப, பைனாகுலரின் வலப்பக்கக் குழாயிலுள்ள வளையத்தைத் திருப்பி வைத்திருந்தார். அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் அவள் தொழில். இதைச் சரிசெய்ய ஒரு நொடி போதும். ஆனால் விரல் நகரவில்லை. அப்பாவின் கை கடைசியாக வைத்துவிட்டுப் போன இடம் அது. பயணம் முழுக்க ஒற்றைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள்.

"என்னடி, ஒரு கண்ண மூடிக்கிட்டு நிக்கிற?"

"அப்பா கண்ணுக்கு வெச்சதும்மா. எனக்கு இடது கண்ல மஞ்சளா ஒண்ணு தெரியுது, வலது கண்ல ஒரே மங்கல்."

"திருப்பிக்கயேன்."

"திருப்பினா அவரு வெச்சது போயிடும்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கப்பா அடையாளம் போடாம எந்த ஸ்க்ரூவையாவது தொட்டிருக்காரா?"

உண்மைதான். ஒரு போல்ட்டைத் தளர்த்துவதென்றாலும் முதலில் அதன் மேல் பெயின்டால் கோடு இழுப்பவர் அவர். மகள் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வளையத்திலும் குழாயிலுமாக, நேருக்கு நேர் ஒரு வெள்ளைக் கோடு. வளையத்தில் சற்றுத் தள்ளி இன்னொன்று, சிவப்பாக.

"இது யாரோடது?"

அம்மா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

"அம்மா."

"என்னோடதுதான். நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனப்புறம் வீட்ல பொழுது போகல. அவரு கூட மாடிக்கு ஏற ஆரம்பிச்சேன். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அவ்ளோ கிண்டல் பண்ணிட்டு நானே போய் நின்னேன்னா என் மானம் என்னாகறது? அந்தச் சிவப்பும் என் நெயில் பாலிஷ். கேக்காம எடுத்த மனுஷன்!"

மகள் கையிலிருந்து பைனாகுலரை வாங்கினாள். பார்க்காமலேயே வளையத்தைச் சிவப்புக்குத் திருப்பினாள்.

"மஞ்சள் ஒண்ணு இல்லடி, ரெண்டு. கிளைக் கவட்டைக்குப் பின்னால இன்னொண்ணு ஒளிஞ்சிட்டிருக்கு பாரு."

மறுபடி வெள்ளைக்குக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள். மகள் திருப்பினாள். புகை மெல்ல விலகி, இரண்டு வட்டமும் ஒன்றாயின. மறைந்திருந்த பறவையின் கண்ணோரக் கறுப்புக் கீற்றுவரை தெரிந்தது.

"என்ன பறவைம்மா இது?"

"எனக்கென்ன தெரியும்? நானும் இந்த ஊருக்குப் புதுசுதானே. கீழ நிக்கிறாளே, அவகிட்ட கேப்போம்."

சொல்லிக்கொண்டே கைப்பையைத் துழாவி நெயில் பாலிஷ் புட்டியை எடுத்தாள். இந்தத் தடவை நீலம். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழாயின் வெள்ளைக் கோட்டுக்கு நேராக வளையத்தில் மூன்றாவது கோட்டை இழுத்தாள்.

கீழே ஹாரன் அடித்தது. அம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டி, ஒரு வார்த்தைகூடப் புரியாத அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே கத்தினாள்: "இரும்மா, வந்துட்டோம்! பெயின்ட் காயணும்!"