சித்ரலேகாவின் சாஸ்தா பட்டியல்

சித்ரலேகா சாது என்று எங்கள் கல்லூரியில் சொல்வார்கள். சொன்னவர்கள் அவளோடு பஸ்ஸில் போனதில்லை. நான் போயிருக்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் ஏறினால் பாளையங்கோட்டை வரும்வரை யாரையாவது திட்டிக்கொண்டே வருவாள். பெரும்பாலும் நியாயமாகத்தான் திட்டுவாள்.

நான் அங்கே கணக்கு நடத்தினேன். அவள் கம்ப்யூட்டர் சென்டரைப் பார்த்துக்கொண்டாள். தொண்ணூற்றேழில் கல்லூரிக்குப் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. பிள்ளைகளின் மார்க்கும் வருகைப் பதிவும் அதற்குள்தான் இருந்தன. திறக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் தங்கள் பெயரையே பாஸ்வேர்டாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். சித்ரலேகாவுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பத்திரிகையோடு வந்த சி.டி.யில் அவளுக்கு ஒரு சின்ன நிரல் கிடைத்தது. புதிய பாஸ்வேர்டு கொடுத்தால், அது எளிதில் யூகிக்கக்கூடியதா என்று சோதித்துச் சொல்லும். ஆனால் அதற்குத் தெரிந்தது இங்கிலீஷ் அகராதி மட்டும். ஆப்பிள் என்று அடித்தால் மாட்டேன் என்றது. வானமாமலை என்று அடித்தால் பேஷாக வாங்கிக்கொண்டது. அது நாங்குநேரிப் பெருமாளின் பெயர். நாங்குநேரிக்காரனின் பாஸ்வேர்டு வானமாமலை என்று யூகிக்க ஜோசியரா வேண்டும்?

அதனால் அவளே உட்கார்ந்து நம்மூர்ச் சொற்களைச் சேர்த்தாள். ஊர்ப் பெயர்கள், பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர்கள், சாமிகள், ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாக. முக்கியமாகச் சாஸ்தாக்கள். எங்கள் பக்கம் குலதெய்வமாகக் குடும்பத்துக்கு ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று யார் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். அந்தப் பெயரைத்தான் பாதிப் பேர் பரம ரகசியம் என்று பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரு பிளாப்பியில் அடக்கி, எப்படி நிறுவுவது என்ற குறிப்பையும் சேர்த்து, கேட்ட இடத்துக்கெல்லாம் அனுப்பினாள். ஏரலில் ஒரு ஆபீஸ், நாகர்கோவிலில் ஒரு கல்லூரி என்று அது பரவியது. அவர்கள் கம்ப்யூட்டரை மாற்றினால் இது ஓடாது. உடனே இவளுக்கு போன் வரும். இவள் சரிசெய்து, பதிப்பு எண்ணைக் கூட்டி, புது பிளாப்பி அனுப்புவாள்.

"குறிப்பை வாசிக்காமலே போன் பண்ணுதான் அக்கா," என்று பஸ்ஸில் கொதிப்பாள். "எழுதுனதும் நானு, அவனுக்கு வாசிச்சுக் காட்டுததும் நானா?"

நன்றி என்று ஒருத்தனும் சொன்னதில்லை.

எங்கள் தாளாளர் தில்லைநாயகம் கடைசியாகத்தான் பாஸ்வேர்டு மாற்ற வந்தார். கல்லூரியின் எந்தப் பதிவையும் திருத்தும் அதிகாரம் அவர் கணக்குக்கு இருந்தது. அடித்தார். 'பலவீனமான சொல்' என்று திரையில் வந்தது. அவ்வளவுதான், எழுந்து வராந்தாவுக்கு வந்துவிட்டார்.

"என்னவே இது! எங்க மருதுடையார் சாஸ்தாவையா பலவீனம்ங்குது? காடு மேடெல்லாம் காத்து நிக்க சாமிவே அது!"

மாடி வரைக்கும் கேட்டது. வகுப்பிலிருந்த பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயா, சாமியைச் சொல்லல. அந்தப் பேரு எல்லாருக்கும் தெரியும்னுதான்..." என்று ஆரம்பித்தாள் சித்ரலேகா.

"நீ எனக்குச் சொல்லித் தரியோ? அதைக் கழட்டு."

அவள் மறுத்தாள். சூப்பரின்டெண்ட் பட்டாபியை விட்டுக் கழற்றினார்கள். தாளாளர் தம் சாஸ்தாவையே வைத்துக்கொண்டார்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்கு ஊரே கோயில்களில் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால், வருகை குறைந்து பரீட்சை எழுத முடியாத பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முழு வருகை போட்டிருந்தது. தாளாளரின் கணக்கிலிருந்து! யார் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் மெமோ யாருக்கு வந்தது? சித்ரலேகாவுக்கு. 'பாதுகாப்பில் அலட்சியம்' என்று எழுதியிருந்தார்கள். வெட்கம் கெட்டவர்கள்!

விசாரணையில் தாளாளர், பட்டாபி, ஆசிரியர்கள் சார்பில் நான்.

"என் பாஸ்வேர்டு வெளிய எப்படிம்மா போச்சு?" என்றார் தாளாளர்.

"நீங்கதானய்யா வராந்தாவில நின்னு மருதுடையார்னு சத்தம் போட்டீங்க."

இனி ஒப்புக்கொள்வார் என்று நான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"ஆங்! அப்போ உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்று மேஜையைத் தட்டினார். "எழுதிக்கிடும் பட்டாபி. அவளே ஒத்துக்கிட்டா."

"எனக்கும் தெரியும் சார்," என்றேன். "பட்டாபி சாருக்கும் தெரியும். காலேஜுக்கே தெரியும்."

"உங்களை யாரும் கேக்கல."

பட்டாபி தலை நிமிராமல் எழுதினார். சித்ரலேகாவின் வேலை போனது.

அவள் ஸ்ரீவைகுண்டத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கினாள். ஏரலிலிருந்து போன் வந்தால் திட்டிக்கொண்டே சரிசெய்து கொடுப்பதையும் விடவில்லை. சில மாதம் கழித்துக் கல்லூரியிலிருந்தே போன் வந்தது. தாளாளருக்குத் திடீரென்று பாதுகாப்பில் அக்கறை பிறந்திருந்தது. புது கம்ப்யூட்டரில் அந்தச் சோதனையை ஓட்ட, அவள் இடத்துக்கு வந்தவனுக்குத் தெரியவில்லை. பிளாப்பி வேண்டுமாம்.

"குடுக்காதே!" என்று கத்தினேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்காங்க?"

"அதுக்குள்ள இருக்கது தாளாளர் மார்க்கா அக்கா? பிள்ளைங்க மார்க்குல்லா?" என்றாள். "அவரு மேல உள்ள கோவத்துக்கு நான் பிள்ளைங்களைத் திறந்து போட்டுர முடியுமா?"

புதுப் பதிப்பை என்னிடமே கொடுத்தனுப்பினாள். மறுநாள் அதை ஏற்றியதும் தாளாளர்தான் முதலில் உட்கார்ந்தார். நானும் பட்டாபியும் பின்னால் நின்றோம். ஒவ்வொரு விரலாகத் தேடி அடித்தார். திரையில் எழுத்துகள் தெரியவில்லை, புள்ளிகூட வராது. சித்ரலேகா எழுதிய பதில் மட்டும் வந்தது. இந்த முறை பலவீனம் என்ற வார்த்தையை எடுத்திருந்தாள்.

"இது ஊருக்கே தெரிந்த சொல்," என்று தாளாளரே சத்தமாக வாசித்தார்.

பட்டாபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாளாளர் என்ன அடித்தார் என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.