மேனேஜரின் இடது கால்

லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். கை ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. முடி வெட்டிக்கொள்ளப் போனால் கடைக்காரருக்குச் சீப்பை எடுத்து நீட்டுவார். மகளின் ஓவியத்துக்குப் பள்ளியில் பரிசு அறிவித்தபோது, தன்னையறியாமல் அவரே எழுந்து மேடையை நோக்கி நடந்துவிட்டார்.

வீட்டு நாயின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் பார்த்துக் குரைத்ததால் கிடைத்த பதவி. அது சில வாரங்களாக இடது பின்னங்காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தது. முதுகைத் தொட்டால் முனகியது.

"மூட்டுவலிதான் சார்" என்று அடித்துச் சொன்னார் கீழ்வீட்டுக்காரர். அவருக்கு மூட்டுவலி.

கால்நடை மருத்துவர், "இடுப்பைப் பிடிச்சுக்கோங்க" என்று இவரிடம் சொல்லிவிட்டு, நாயின் இடது பாதத்தைத் தலைகீழாக மடக்கி வைத்தார். நரம்பு ஒழுங்காக இருந்தால் நாயே அதை நிமிர்த்திக்கொள்ளும். நிமிர்ந்தது. மறுபடி மடக்கினார். மறுபடியும் நிமிர்ந்தது.

"நடையைப் பாத்தா ஃபெயில். இதுல மட்டும் நூத்துக்கு நூறு வாங்குதே!" என்றார் டாக்டரம்மா.

"டாக்டர், இவரு கையைக் கொஞ்சம் பாருங்க" என்றார் கூட வந்திருந்த மனைவி.

பாதத்தை மடக்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்திருந்த கை, நாயை நைசாக அரை அங்குலம் மேலே தூக்கிக்கொண்டிருந்தது; பாரம் இல்லாத பாதம் தானாக நிமிர்ந்தது. தொழில் தோஷம்.

"பாவம், அதுக்குத் தெரியலியேன்னு..."

"பரீட்சை அதுக்கு சார், உங்களுக்கில்ல! இப்படிக் காப்பியடிக்க விட்டிருந்தா மூட்டுவலி மாத்திரை குடுத்து அனுப்பியிருப்பேன்."

கையை எடுத்தார். பாதம் மடங்கியபடியே கிடந்தது. நாய்க்கு அது தெரியவே இல்லை. அவர் முகம் செத்துவிட்டது.

ஸ்கேனில் தெரிந்தது: தண்டுவடத்தை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி.

"நாய்க்குக்கூடவா இதெல்லாம் வரும்?"

"பூனைக்கும் வரும். இது வெளிப்பக்கம்தான் ஒட்டியிருக்கு, எடுத்துடலாம். திரும்ப வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நடக்க வச்சிடலாம்."

"நான் உள்ள வந்து டார்ச் பிடிக்கட்டுமா?"

"வெளிய உக்காந்திருந்தா அதுவே பெரிய உதவி."

கட்டியை எடுத்தார்கள். அதன்பின் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கி நாயை நடத்தவேண்டும்; போகப் போகப் பிடியைத் தளர்த்தவேண்டும். முதல் பாதியை அவர் பிரமாதமாகச் செய்தார். இரண்டாவது பாதிக்குத்தான் மனசு வரவில்லை.

ஒரு காலை, கீழ்வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் அருகே மேனேஜர் நின்றது. சக்கரத்தை மோந்தது. வலது பின்னங்கால் மெல்ல எழும்பியது.

"விடுங்க" என்றார் மனைவி.

"விழுந்துடும்டி!"

"விடுங்கன்னு சொல்றேன்ல!"

துண்டு தரையில் விழுந்தது. மேனேஜர் ஒரு பக்கம் சாய்ந்தது, சமாளித்தது. பின்பாரம் முழுவதும் இடது காலில். அவசரமே படாமல் நின்றது.

"யோவ், என் வண்டி!" என்று ஜன்னல் கத்தியது.

"சத்தம் போடாதீங்க சார்! அவன் முடிக்கட்டும். நானே கழுவித் தர்றேன்."